பழகிப்போனது உடம்பா, கிருமியா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பற்றித்தான். மழை விட்டு இரண்டு வாரம் ஆகிறது, வடசென்னையில் வீட்டுக்கு ஒருத்தர் இருமிக்கொண்டிருக்கிறார், அதனால் இருக்கலாம். முப்பது வருஷம் ஆஸ்பத்திரி லேபில், நோயாளியின் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் தட்டுகளோடு காலம் தள்ளியவள் என்கிற உரிமையில் பதில் எழுதுகிறேன். (தட்டை முகரக் கூடாது என்பது விதி. ஆனாலும் எங்களில் பலருக்கு மூடியைத் திறந்ததுமே வாசனையில் பாதி தெரிந்துவிடும்.) நான் டாக்டர் இல்லை. எனக்கு எந்த மாத்திரை நல்லது என்று கேட்டு எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அக்கா, நான் மீன் வியாபாரம் செய்கிறேன். முன்பெல்லாம் காய்ச்சல், தொண்டைவலி என்றால் மெடிக்கலில் சொல்லி இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டால் மறுநாள் விடியற்காலை ஏலத்துக்குப் போய்விடுவேன். இப்போது ஐந்து போட்டாலும் கேட்பதில்லை. என் உடம்புக்கு மருந்து பழகிவிட்டதா?
– ஒரு வாசகி, காசிமேடு

இல்லைம்மா. இந்த ஒரு வார்த்தையைத்தான் ஊரே தப்பாகச் சொல்கிறது. தூக்க மாத்திரை, வலி மாத்திரை சிலதுக்கு உடம்பு பழகும், உண்மைதான். ஆன்டிபயாட்டிக்கில் பழகுவது உங்கள் உடம்பு இல்லை, உள்ளே இருக்கிற கிருமி. இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பீர்கள். உடம்பு பழகியிருந்தால் கஷ்டம் உங்களோடு முடிந்துபோகும். பழகியது கிருமி என்பதால் அது உங்களை விட்டு இறங்கி, வாழ்நாளில் ஒரு மாத்திரைகூடப் போடாத பக்கத்து வீட்டுக் குழந்தைக்குள் ஏறி உட்காரும், அங்கேயும் மருந்து கேட்காது.

அதற்கு முன்னால் ஒன்று. தொண்டைவலி, சளிக் காய்ச்சலில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவை மட்டும்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. அப்படியானால் முன்பு இரண்டு மாத்திரையில் சரியானது? பல தடவை அது தானாகவே சரியாகியிருக்கும், பேர் மாத்திரைக்குப் போயிருக்கும்.

சரி, கிருமி எப்படிப் பழகுகிறது? அது உட்கார்ந்து பாடம் படிப்பதில்லை. நம் குடலில் இருக்கிற ஈ.கோலை என்ற பாக்டீரியா, வசதி கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டாகப் பிரியும். ஒன்றில் தொடங்கினால் பத்து மணி நேரத்தில் கணக்குப்படி 107 கோடி. இத்தனை பிரதி எடுக்கும்போது அங்கங்கே எழுத்துப்பிழை விழும். பெரும்பாலான பிழை அதற்கே கெடுதல். எப்போதாவது ஒரு பிழை, மருந்து போய் ஒட்டவேண்டிய இடத்தையே கொஞ்சம் மாற்றிவிடும். மருந்து வந்ததும் மற்றதெல்லாம் செத்து, அந்த ஒன்று மட்டும் காலியான இடத்தில் வாரிசுகளைப் பெருக்கும். வேறு சில, உள்ளே வந்த மருந்தை பம்ப் வைத்து வெளியே இறைத்துவிடும். இன்னும் சில, மருந்தையே வெட்டுகிற நொதியை வைத்திருக்கும். பெனிசிலினை வெட்டும் நொதியை 1940-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள், அந்த மருந்து பரவலாகப் புழக்கத்துக்கு வரும் முன்பே! அதில் அதிசயமும் இல்லை. பெனிசிலினே பூஞ்சணம் செய்வது. மண்ணில் பூஞ்சணமும் பாக்டீரியாவும் ஒன்றையொன்று விஷம் வைத்துக் கொன்றும் தப்பியும் வாழ்ந்து வருவது மனிதன் பிறக்கும் முன்பிருந்தே நடக்கிற சண்டை. 30,000 வருஷமாக உறைந்து கிடந்த மண்ணிலிருந்து எடுத்த மரபணுக்களிலும் இந்தத் தாங்கும் சக்தி இருந்தது என்று 2011-ல் காட்டினார்கள்.

எனக்கு இன்றைக்கும் பயமாக இருப்பது அடுத்த விஷயம். பரீட்சை ஹாலில் பிட்டு போகிற மாதிரி, மருந்தைத் தாங்கும் மரபணுவை ஒரு சின்ன வளையத்தில் சுருட்டி ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கொடுக்கும். பிளாஸ்மிட் என்று பேர். கொடுப்பதும் வாங்குவதும் ஒரே ஜாதியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஜப்பானில் சீதபேதிக் கிருமி ஒரே நேரத்தில் நாலு மருந்துகளைத் தாங்குவதைப் பார்த்துக் குழம்பியவர்கள், அந்தச் சக்தி மொத்தமாக ஈ.கோலைக்குக் கைமாறுவதை 1959 வாக்கில் கண்டுபிடித்தார்கள். அதாவது நோயே தராமல் உங்கள் குடலில் சும்மா இருக்கும் கிருமி பிட்டை வைத்துக்கொண்டிருந்து, நாளைக்கு வருகிற கெட்ட கிருமியிடம் நீட்டிவிடலாம். சும்மா போட்ட ஒவ்வொரு மாத்திரையும் பிட்டு வைத்திருப்பவனை மட்டும் பாஸ் செய்கிற வேலையைத்தான் பார்க்கிறது.

கல்யாணமான புதிதில் நானும் ஐந்து நாள் மாத்திரையை இரண்டு நாளில் நிறுத்தி, மீதியை என் தங்கைக்குக் கொடுத்திருக்கிறேன். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-ல் நோபல் பரிசு உரையில் கிட்டத்தட்ட இதையே கதையாகச் சொல்கிறார்: தொண்டைவலிக்கு ஒருவர் தானே மருந்து வாங்கி, போதாத அளவு போட்டுக்கொள்கிறார், பழகிப்போன கிருமி அவர் மனைவிக்குத் தொற்றுகிறது, மருந்து கேட்காமல் மனைவி இறந்துபோகிறார். அதைப் படித்த அன்றைக்குத் தங்கைக்குப் போன் போட்டேன். அவள் நன்றாகத்தான் இருந்தாள்.

ஆன்டிபயாட்டிக் போட்டாலே எனக்கு வயிறு கலக்குகிறது. மருந்து கிருமியைக் கொன்றால் வயிறு சுத்தமாகத்தானே ஆக வேண்டும்?
– ஆட்டோ ஓட்டும் வாசகர், வியாசர்பாடி

தீபாவளிக்கு முந்தின வாரம் எம்.சி. ரோட்டில் ஆட்டோ ஓட்டியிருப்பீர்கள். (ஓட்டியிருக்க மாட்டீர்கள், நின்றிருப்பீர்கள்.) பிளாட்பாரத்தில் ஒரு முழம் இடம் காலி இருக்காது. வெளியூரிலிருந்து ஒருத்தன் துணி மூட்டையோடு வந்து கடை விரிக்கலாம் என்று பார்த்தால் யாரும் அவனை அடிக்கக்கூட வேண்டாம், இடமே இல்லை. டீக்காரர் முதல் பில் போடுகிறவர் வரை அங்கே எல்லாருக்கும் பழைய ஆள் கணக்கு. நம் குடல் அப்படிப்பட்ட தெரு. உடம்பில் மனித செல்கள் சுமார் 30 லட்சம் கோடி, பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி என்று 2016-ல் ஒரு கணக்குப் போட்டார்கள், அதில் மிகப் பெரும்பகுதி பெருங்குடலில்தான். புதிதாக வரும் கெட்ட கிருமிக்குச் சாப்பாடு மிஞ்சாது. ஒட்டிக்கொள்ளும் இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கும். உள்ளே இருப்பவை நார்ச்சத்தைப் புளிக்கவைத்து அமிலம் விடும், ஆக்சிஜனை மிச்சம் வைக்காது, சிலது எதிரியைக் கொல்லும் புரதத்தையே செய்து வீசும்.

ஆன்டிபயாட்டிக் என்பது விடியற்காலையில் வந்து தெரு முழுக்க வாரி ஏற்றிப் போகிற லாரி. அதற்கு நல்ல கடை, திருட்டுக் கடை தெரியாது. தெரு காலியான பிறகு முதலில் வந்து விரிப்பவன் யார் என்பதுதான் கேள்வி. 1950, 60-களில் எலிகளில் செய்து பார்த்த ஒரு சோதனையை அந்தக் காலத்தில் எங்களுக்குப் பாடமாகவே நடத்தினார்கள். எலிக்கு சால்மொனெல்லா நோய் வர வாய் வழியாகச் சுமார் 1 லட்சம் கிருமி கொடுக்க வேண்டியிருந்தது. முதலில் ஒரு வேளை ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்துக் குடலைக் காலி செய்துவிட்டால் பத்துக்கும் குறைவான கிருமியே போதுமாக இருந்தது.

உங்களுக்கு வரும் கலக்கல் பெரும்பாலும் மருந்து முடிந்த சில நாளில் அடங்கும். ஓ.ஆர்.எஸ். குடியுங்கள். மலத்தில் ரத்தம் போனால், காய்ச்சலோடு நாளைக்குப் பல தடவை போனால், டாக்டரிடம் ஓடுங்கள். காலியான தெருவைப் பிடித்துக்கொள்ளும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசைல் என்ற ரௌடி ஒன்று உண்டு, விதை மாதிரி ஓடு போட்டுக்கொண்டு மருந்துக்குத் தப்பி மறுபடி மறுபடி முளைக்கும். அதற்கு நெதர்லாந்தில் என்ன வைத்தியம் செய்தார்கள் தெரியுமா? ஆரோக்கியமான ஆளின் மலத்தைக் கரைத்து நோயாளியின் குடலுக்குள் விட்டார்கள். முகம் சுளிக்காதீர்கள். 2013-ல் வெளியான முடிவுப்படி 16 பேரில் 13 பேருக்கு ஒரே தடவையில் குணமானது. பழைய கடைக்காரர்களைத் திரும்பக் கொண்டுவந்து உட்காரவைத்த மாதிரி.

தயிர், பழைய சோறு நல்லதா என்று அடுத்த வரியில் கேட்டிருக்கிறீர்கள். சாப்பிடுங்கள். ஆனால் தயிரில் இருப்பவை பெரும்பாலும் வழிப்போக்கர்கள், குடலில் நிரந்தரமாகக் குடியேறாது. உள்ளே இருக்கிறவற்றுக்கு நார்ச்சத்து போடுவதுதான் முக்கியம்: கீரை, சுண்டல், பயறு. கடையில் பாட்டிலில் விற்கிறதை வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

குழந்தை வயிற்றுக்குள் இருக்கும்போது கிருமி இல்லை என்கிறார்கள். அப்புறம் எங்கிருந்து வருகிறது?
– நிறைமாத வாசகி, கொருக்குப்பேட்டை

முதலில் வாழ்த்துகள். பிறக்கிற வழியில் உங்களிடமிருந்துதான் முதல் சீதனம் கிடைக்கிறது. சிசேரியன் என்றால் தோலிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் வருபவை முதலில் ஏறும். அதற்காக மனசைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம், நாளாக நாளாக அந்த வித்தியாசம் குறைந்துவிடுகிறது.

தாய்ப்பால் விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதில் பால் சர்க்கரை, கொழுப்புக்கு அடுத்தபடி அதிகம் இருப்பது ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலிகள். அவற்றைக் குழந்தையால் செரிக்கவே முடியாது! அப்புறம் எதற்கு அம்மா உடம்பு மெனக்கெட்டுச் செய்கிறது? பிஃபிடோபாக்டீரியம் என்ற நல்ல கிருமிக்கு அது சாப்பாடு. பிள்ளைக்கு ஊட்டும்போதே பிள்ளைக்குள் குடியிருக்கப் போகிறவனுக்கும் ஒரு இலை போட்டுவிடுகிறீர்கள். அவன் சாப்பிட்டு அமிலம் விட்டு மற்றவர்களைத் தள்ளிவைப்பான். சுமார் மூன்று வயதில் குழந்தையின் குடல் பெரியவர்கள் குடல் மாதிரி ஆகிவிடும்.

குடியேறுவது அவ்வளவு சுலபம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிருமி முதலில் இரைப்பை அமிலத்தைத் தாண்ட வேண்டும், ஓடுகிற ஓட்டத்தில் அடித்துப் போகாமல் முடி மாதிரி நீட்டங்களால் பிடித்துக்கொள்ள வேண்டும். இரைப்பையிலேயே வீடு கட்டுகிற ஹெலிகோபாக்டர் பைலோரி, யூரியாவை உடைத்து அம்மோனியா செய்து தன்னைச் சுற்றி அமிலத்தை முறித்துக்கொள்ளும். வயிற்றுப்புண்ணுக்கு அதுதான் காரணம் என்று யாரும் நம்பாததால் பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் 1984-ல் அதை வளர்த்த கரைசலை எடுத்துத் தானே குடித்துவிட்டார். சில நாளில் வாந்தி, இரைப்பை அழற்சி. 2005-ல் நோபல். நீங்கள் குடிக்க வேண்டாம்.

குடிதண்ணீரைத் தினமும் கொதிக்கவைக்கிறோமே, கிருமி சுடுதண்ணிக்கும் பழகிவிடாதா?
– எட்டாம் வகுப்பு மாணவன், தண்டையார்பேட்டை

நல்ல கேள்வி தம்பி. மருந்து ஒரே ஒரு இடத்தில் குத்துகிற ஊசி, அந்த இடத்தை மாற்றிக்கொண்டால் தப்பலாம். கொதிநீர் மொத்த உடம்பையும் முட்டை வேகிற மாதிரி வேகவைத்துவிடும், அதிலிருந்து தப்ப ஒரு எழுத்துப்பிழை போதாது. விதையாக ஓடு போட்டுக்கொள்பவை மட்டும் தாக்குப்பிடிக்கும். சோற்றில் அப்படி ஒன்று உண்டு, வடித்த சோறு நாள் முழுக்கப் புழுக்கத்தில் கிடந்தால் முளைத்து வாந்தி எடுக்கவைக்கும். அம்மாவிடம் சொல்.

என் தம்பிக்கு டிபி. அரசு மாத்திரை இரண்டு மாதம் சாப்பிட்டான், இருமல் நின்றது, நாலு கிலோ ஏறிவிட்டான். லோடு வேலைக்குப் போக வேண்டும், மாத்திரை வயிற்றைப் பிரட்டுகிறது, போதும் என்கிறான். ஆறு மாதம் கட்டாயமா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவனை எங்காவது சேர்த்துவிடுவது நல்லதா?
– பெயர் வேண்டாம், ராயபுரம்

கட்டாயம். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை அம்மா.

சாதாரணக் கிருமி 20 நிமிடத்தில் பிரியும் என்றேன் இல்லையா, டிபி கிருமி ஒரு தடவை பிரிய ஒரு நாள் ஆகும். மெழுகு பூசிய தடித்த தோல் அதற்கு. நம் உடம்பில் கிருமியை விழுங்கிக் கொல்லும் வெள்ளணு ஒன்று உண்டு, போலீஸ் என்று வையுங்கள். டிபி அந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும், விழுங்கிய அணு செரிக்கும் அமிலத்தைக் கொண்டுவந்து ஊற்றவிடாமல் தடுத்துவிடும். உங்கள் தம்பிக்கு இரண்டு மாதத்தில் செத்தவை, வேகமாக வளர்ந்து இருமல் கொடுத்தவை. மிச்சம் இருப்பவை ஏறக்குறையத் தூங்குகின்றன. பெரும்பாலான மருந்து, வேலை செய்கிற கிருமியைத்தான் பிடிக்கும். தூங்குகிறவன் எப்போதாவது விழிப்பான், அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டும். அதற்குத்தான் மிச்ச நாலு மாதம்.

ஏன் ஒரே நேரத்தில் நாலு மருந்து? ஐசோனியாசிடைத் தாங்கும் கிருமி தற்செயலாகப் பத்து லட்சத்தில் ஒன்று இருக்கும். ரிஃபாம்பிசினைத் தாங்குவது பத்து கோடியில் ஒன்று. நுரையீரலில் குழி விழுந்த ஆளுக்குள் பத்து கோடிக் கிருமி சாதாரணம், ஆக ஒரே மருந்து கொடுத்தால் தாங்குகிறவன் ஏற்கெனவே உள்ளே நிற்கிறான். இரண்டையும் சேர்த்துத் தாங்குகிறவன் கோடி கோடியில் ஒருத்தன், அத்தனை கிருமி எந்த நுரையீரலிலும் இல்லை. ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த 1940-களில் நோயாளிகள் நன்றாகித் தேறி மறுபடி படுத்தார்கள், அப்போது அந்த மருந்து கேட்கவில்லை. தம்பி விட்டு விட்டுச் சாப்பிட்டால் அதே கதைதான், அப்புறம் வேறு மருந்து, வேறு அவஸ்தை, அவனிடமிருந்து தொற்றினால் பிள்ளைகளுக்கும் அந்தக் கிருமியே. பிரட்டினால் நிறுத்தாமல், கொடுக்கிற இடத்தில் சொல்லுங்கள், நேரத்தை மாற்றித் தருவார்கள். கண் மஞ்சளானால் மட்டும் அன்றைக்கே ஓட வேண்டும். சிறுநீர் ஆரஞ்சாகப் போவது ரிஃபாம்பிசினின் சாயம், பயப்பட ஒன்றும் இல்லை.

எங்காவது சேர்த்துவிடலாமா என்ற கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்னது நம் ஊர். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் (இன்றைக்கு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) மெட்ராஸின் ஏழை வீடுகளிலிருந்து வந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. பாதிப் பேர் சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ் கவனிப்போடு. மீதிப் பேர் நெரிசலான அதே குடிசையில், வேலையும் அரைகுறைச் சாப்பாடுமாக. மருந்து இருவருக்கும் ஒன்றே. 1959-ல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு குணம், வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்துக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. மருந்து தொடங்கும் முன்பே தொற்ற வேண்டியது தொற்றிவிடுகிறது, தொடங்கிய பிறகு தொற்றுவது சட்டென்று குறைகிறது. அதனால் தம்பி வீட்டிலேயே இருக்கட்டும். பிள்ளைகளைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள், தடுப்பு மாத்திரை தருவார்கள். அரசு மாதம் 1,000 ரூபாய் சத்துணவுக்காகத் தருகிறது, 2024 நவம்பரிலிருந்து, அதற்கு முன் 500. அவன் கணக்கில் வரவில்லை என்றால் சண்டை போட்டு வாங்குங்கள்.

மாமா ஒரு மாதமாக ஐசியுவில். யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் வரிசையாக எல்லா மருந்துக்கும் 'ஆர்' என்று போட்டிருக்கிறது. இனி வழியே இல்லையா?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

அந்த 'ஆர்' எழுத்தை (ரெசிஸ்டன்ட், அதாவது அந்த மருந்தைக் கிருமி தாங்குகிறது) எத்தனை ஆயிரம் தடவை என் கையால் எழுதியிருப்பேன். தட்டில் கிருமியைப் பூசி, மருந்து தோய்த்த காகித வில்லைகளை மேலே வைத்து, ஒரு ராத்திரி வைத்திருந்து பார்ப்போம். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிச் சுத்தமான வட்டம் விழும். கேட்காவிட்டால் வில்லையின் விளிம்பு வரை பாசி மாதிரி முட்டிக்கொண்டு வளர்ந்திருக்கும். தொண்ணூறுகளில் பெரிது பெரிதாக விழுந்த வட்டங்கள் வருஷத்துக்கு வருஷம் சுருங்கியதை இந்தக் கண்ணாலேயே பார்த்தேன். 2010-ல் என்.டி.எம்.-1 (என்.டி. என்றால் நியூ டெல்லி) என்ற நொதியைப் பற்றி வந்த பெரிய ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், 44 மாதிரிகள் சென்னையில் எடுத்தவை. பேரில் டெல்லி இருப்பதால் நமக்குச் சம்பந்தமில்லை என்று நினைக்கக் கூடாது. கடைசி வரிசையில் வைத்திருந்த கார்பபெனெம் மருந்துகளையே அது வெட்டிவிடும்.

ஆனால் ஒன்று கேளுங்கள், டாக்டரிடம் தன்மையாக. மாமாவுக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறதா? போட்ட குழாயில் சில நாளில் கிருமி கோந்து மாதிரி படலம் கட்டிக் குடியேறும், அதற்குள் மருந்து சரியாக வேலை செய்யாது. அங்கே கிருமி குடியிருப்பது வேறு, மாமாவுக்கு அதனால் நோய் வந்திருப்பது வேறு. காய்ச்சல், மற்ற அறிகுறிகள் எதுவும் இல்லாமல் ரிப்போர்ட்டில் மட்டும் கிருமி இருந்தால் பல நேரம் மருந்தே தேவைப்படாது, குழாயை மாற்றினாலோ எடுத்தாலோ போதும். நோய்தான் என்றால் கோலிஸ்டின் போன்றவை மிச்சம் உண்டு. சிறுநீரகத்துக்குக் கெடுதல், கவனித்துக் கொடுப்பார்கள். அந்தக் கோலிஸ்டினைக் கோழித் தீவனத்தில் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தோம், 2019-ல்தான் தடை வந்தது. சொன்னால் வயிறு எரிகிறது.

போன மாதம் நீங்கள் மெடிக்கல் ஷாப்காரர்களை ஏதோ சாராயம் விற்கிற மாதிரி எழுதியிருந்தீர்கள். டாக்டர் சீட்டு கேட்டால் ஜனங்கள் அடுத்த கடைக்குப் போகிறார்கள். நாங்கள் என்ன செய்ய?
– மருந்துக்கடை வைத்திருக்கும் வாசகர், பெரம்பூர்

சாராயம் என்று எழுதவில்லை, ஆனால் சூடு பட்டிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. நாள்கூலிக்குப் போகிறவருக்கு டாக்டர் ஃபீஸ் கொடுத்து அரை நாள் உட்கார முடியாது, உங்கள் கவுண்டர்தான் அவருக்கு ஆஸ்பத்திரி. அதனால் நான் உங்களிடம் கேட்பது சின்னது. செஃபிக்சிம் மாதிரி ஹெச்-1 பட்டியல் மருந்துக்குச் சீட்டு வாங்கிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைக்க வேண்டும் என்பது 2014-லிருந்து சட்டம், அதையாவது விடாமல் செய்யுங்கள். அட்டையில் சிவப்புக் கோடு போட்டதை "ரெண்டு குடுப்பா" என்று கேட்டால் வெட்டிக் கொடுக்காதீர்கள். எத்தனை நாள் என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், இப்போது சில நோய்களுக்கு மூன்று நாள், ஐந்து நாளே போதும் என்று கண்டிருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் பத்து நாள் என்பதெல்லாம் பழைய கணக்கு. வெறும் சளிக்கு வந்தவரிடம் பாராசிட்டமாலைக் கொடுத்து, மூன்று நாளில் இறங்காவிட்டால் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே இருக்கிறது, எத்தனை மணி வரை டாக்டர் இருப்பார் என்று ஒரு அட்டையில் எழுதிக் கடை முன்னால் தொங்கவிடுங்கள். அங்கே ஃபீஸ் கிடையாது. அடுத்த கடைக்குப் போகிறவர் போகட்டும், அந்தக் கடைக்காரரும் இந்தப் பத்திரிகை வாங்குகிறவர்தான், அவர் கடிதமும் என் மேஜையில் இருக்கிறது, அதில் உங்கள் கடையைத்தான் சொல்லியிருக்கிறார்.